இடுப்புக்கேற்ற கார் உதைத்துத் தரப்படும்

ஆடி மாதத்தில் மயிலாப்பூரில் கல்யாணம் கிடையாது. ஆகவே கல்யாண மண்டபக்காரர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். ஆடியில் கார் வாங்குகிறவர்களும் கிடையாது. ஆகவே பழைய கார் வியாபாரி ராகேஷும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். இப்படி இரண்டு பேர் ஓட்டிக்கொண்டிருந்த ஈக்கள் ஒரே இடத்தில் மொய்த்தால் என்ன நடக்கும்? ஒரு சாமியார் அவதரிப்பார்.

அவதரித்தார். மண்டபத்தின் கார் நிறுத்துமிடத்தில் பன்னிரண்டு கார்கள். வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பேனர். "முதுகு வலியா? இடுப்புப் பிடிப்பா? உங்கள் உடம்புக்கேற்ற காரைத் தேர்ந்தெடுத்து, உதைத்துத் தருகிறார் பாதமுந்தி பொன்னுரங்க சுவாமிகள்!" அதற்குக் கீழே, சாமி கும்பிடுகிறவர்கள் கண்ணில் படாத அளவுக்குச் சின்ன எழுத்தில், "சௌக்கியம் கார்ஸ். தவணை வசதி உண்டு."

தாய் வயிற்றிலிருந்து தலைக்குப் பதிலாகக் கால் முதலில் வெளியே வந்து பிறந்த பிள்ளை உதைத்தால், இடுப்புப் பிடிப்பு ஓடிவிடும் என்று நம் ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை. அப்படிப் பெற்றெடுத்த தாய் என்ன பாடு பட்டாள் என்று ஒருவரும் கேட்பதில்லை. பிள்ளையின் குதிகாலைத்தான் கேட்பார்கள். பொன்னுரங்கம் அந்தக் குதிகாலை மூலதனமாகப் போட்டுப் பத்து வருடம் மனிதர்களை உதைத்தார். மனிதர்களில் சிலர் திருப்பி உதைக்கக் கூடியவர்கள் என்று ஒருநாள் அனுபவத்தில் தெரிந்துகொண்டார். அன்றிலிருந்து பெரும்பாலும் காரைத்தான் உதைக்கிறார். கார் பரம சாது.

ஒரே ஒரு வீடியோதான். சாமி ஒரு காரின் பின் சக்கரத்தை மூன்று முறை உதைக்கிறார். ஓய்வு பெற்ற ஓர் அதிகாரி அந்தக் காரில் உட்கார்ந்து, "ஆஹா, வலி போயிடுத்து!" என்று கண் கலங்குகிறார். அவ்வளவுதான். அடையாறிலிருந்தும் திருவான்மியூரிலிருந்தும் இடுப்பில் கை வைத்தபடி ஒரு ஜனசமுத்திரம் புறப்பட்டுவிட்டது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் உறையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்கள், அதை வரிசையில் விசிறியாகப் பயன்படுத்தினார்கள். எட்டாயிரம் ரூபாய் விசிறி.

"எங்காத்துக்காரருக்கு ரெண்டு வருஷமா உக்காந்தா எழுந்துக்க முடியலைன்னா! சுவாமி பாத்துக் குடுத்த வண்டியில ஏறி உக்காந்துண்டார், மனுஷன் சிரிச்சுட்டார். நம்பவே மாட்டேள்" என்றார் வரிசையில் முதலில் நின்ற ஸ்வர்ணலதா மாமி.

"அப்புறம் இப்ப ஏன் மாமி வந்திருக்கீங்க?" என்று கேட்டார் பின்னால் நின்றவர்.

"அது திரும்ப வந்துடுத்து. ஒதையோட வீரியம் ஒரு வாரம்தானாம். மறு உதைக்கு டோக்கன் வாங்கியிருக்கேன்."

மாமி இதைச் சிரிக்காமல் சொன்னார் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

சாமியின் தேர்வு முறை இதுதான். பக்தர் முதலில் காரில் உட்கார வேண்டும். உட்கார்ந்ததும் "ஐயோ" என்பார். உடனே இறங்கி, கண்ணை மூடி, இடுப்பில் கை வைத்து, காரை மூன்று சுற்றுச் சுற்ற வேண்டும். அந்த நேரத்தில் சாமி சக்கரத்தை மூன்று முறை உதைப்பார். சீடர் அசோகன், ஐம்பது வயதுக்காரர், காருக்குள் தலையை விட்டு சாம்பிராணி காட்டுவார். புகை கலைந்ததும் பக்தர் மறுபடி உட்கார்ந்தால், "ஆஹா" என்பார். ஐயோவுக்கும் ஆஹாவுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று யாரும் பார்க்கவில்லை. பக்தருக்குக் கண் மூடியிருந்தது. மற்றவர்களுக்குத் திறந்திருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தக் கூட்டத்துக்குத்தான் அன்றைக்குத் தனபாலன் வந்தார்.

தனபாலனுக்குத் தியாகராய நகரில் ஜவுளிக்கடை. திசையன்விளைப் பக்கத்திலிருந்து வந்து, முப்பது வருடமாகக் கடையில் நின்று சேலை விரித்துப் போட்டுப் போட்டு இடுப்பைக் கடைக்கு எழுதிக்கொடுத்தவர். முதுகெலும்பின் நடுவே டிஸ்க் பிதுங்கி, நரம்பை அழுத்துகிறது. இடது பாதம் பாதி நேரம் மரத்துக் கிடக்கிறது. "ஒரு குலுக்கல், ஓர் அடி கூடாது. இன்னும் கொஞ்சம் பிதுங்கினால் கால் வராமல் போய்விடும்" என்று டாக்டர் படம் வரைந்து காட்டியிருந்தார். தனபாலன் படத்தைப் பார்த்தார். அப்புறம் வீடியோவைப் பார்த்தார். வீடியோவில் பாட்டும் இருந்தது. அதனால் வீடியோவை நம்பினார்.

சாமி அவருக்கு ஒரு சிவப்புக் காரைத் தேர்ந்தெடுத்திருந்தார். தரையோடு தரையாகப் படுத்திருக்கும் கார். ஒன்றரை வருடமாக யாரும் வாங்காமல் ராகேஷின் தலையில் கிடந்த அதே கார் என்பது தற்செயல். அன்றைக்குச் சாவி கொடுக்கும் நாள். சாவிக்கு முன்னால் ஒரு கடைசிச் சடங்கு உண்டு. அதற்கு நிறைவு உதை என்று பெயர். வாங்குகிறவர் பாயில் குப்புறப் படுக்க, சாமி அவர் இடுப்பில் மூன்று முறை உதைப்பார். காரின் முதுகும் மனிதனின் முதுகும் அப்போதுதான் ஒன்று சேருமாம்.

அசோக் நகர் வீட்டிலிருந்து மயிலாப்பூருக்கு அவரையும் மனைவியையும் ஏற்றி வந்தது அன்புக்கரசியின் வாடகை டாக்சி. நாற்பத்தைந்து வயது. ஆற்றங்கரைக் குடிசையிலிருந்து ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் குடியமர்த்தப்பட்ட குடும்பம். தினமும் விடியற்காலையில் நகரத்துக்குள் வந்து, பன்னிரண்டு மணி நேரம் ஓட்டுகிறவள். அவள் இடுப்புக்குப் பின்னால் சுருட்டிய துண்டு ஒன்று எப்போதும் இருக்கும்.

"கல்யாண மண்டபத்துல இந்த ஆடி மாசத்துல இன்னா சார் விசேஷம்?"

தனபாலன் சொன்னார். பெருமையாகச் சொன்னார். பக்கத்தில் மனைவி சுந்தரவல்லி சேலை முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நீயாவது சொல்லும்மா. டாக்டர் தொடவே கூடாதுன்னு சொல்லியிருக்காவ. இவுக போய் ஒதை வாங்கப் போறாவ. நான் சொன்னா கேக்கமாட்டேங்காவ. நேத்து வைத்தியத்துக்குப் போற நாளு, அதையும் வேண்டாம்னுட்டாவ."

"பேசாம இரு வல்லி. ஊரே போகுது, எல்லாரும் மடையனா?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் உண்டு. மரியாதை கருதிச் சொல்லாமல் விடுகிறேன்.

அன்புக்கரசி கண்ணாடியில் தனபாலனை ஒரு தடவை பார்த்தாள். மண்டபத்தில் இறக்கிவிட்டு, "வெயிட்டிங்ல நிக்கிறேன் சார்" என்றாள். நிற்கவில்லை. பின்னாலேயே உள்ளே வந்தாள்.

கூட்டத்துக்கு முன்னால் சடங்கு தொடங்கியது. பொன்னுரங்க சுவாமிகள் காவி ஜிப்பா, காவி வேட்டி, வலது காலில் மட்டும் ஒரு வெள்ளிக் காப்பு. நடையே தனி. முதுகை வளைக்காமல், கழுத்தைத் திருப்பாமல், அலமாரியை நகர்த்துவது மாதிரி நடப்பார். அதைத் தவத்தின் நிமிர்வு என்று பக்தர்கள் சொல்லிக்கொண்டார்கள்.

தனபாலன் சிவப்புக் காரில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பது தவறு. விழுந்தார். முழங்கால் இரண்டும் மார்புக்கு வந்தன. "ஐயோ" என்றார். நாலு பேர் தூக்கிவிட்டார்கள். கண்ணை மூடிச் சுற்றினார். சாமி உதைத்தார். ஜனங்கள் "பாதமே சரணம்" என்றார்கள். அசோகன் புகையோடு உள்ளே புகுந்தார்.

புகைக்குள்ளிருந்து கடக், கடக் என்று இரண்டு சத்தம் வந்தது.

ஜனங்களுக்கு அது சாமியின் சக்தி. இருபது வருடம் ஸ்டியரிங் பிடித்த அன்புக்கரசிக்கு அது சீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் லீவரின் சத்தம். அவள் குனிந்து பார்த்தாள். அசோகனின் ஒரு கையில் சாம்பிராணித் தட்டு. இன்னொரு கை சீட்டை உயர்த்தி, சாய்மானத்தை நிமிர்த்தி, உறைக்குள் ஒரு சின்னத் தலையணையைச் செருகிக்கொண்டிருந்தது. தெய்வீகம் அந்தக் கையில்தான் இருந்தது.

தனபாலன் மறுபடி உட்கார்ந்தார். "ஆஹா" என்றார். சுந்தரவல்லி கூட ஒரு நிமிடம் நம்பிவிட்டாள்.

"பாயை விரி" என்றார் சாமி.

பாய் விரிந்தது. தனபாலன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மெல்ல முழங்காலிட்டார். மரத்துப்போன இடது கால் மடங்காமல் இழுத்தது. சுந்தரவல்லி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏங்க வேண்டாங்க, உங்க காலு போயிட்டா நான் என்ன செய்வேன்" என்று அழுதேவிட்டாள். கூட்டம் அவளை "உஷ்" என்று அடக்கியது.

"சாமி, ஒரு நிமிசம்" என்று நடுவில் வந்து நின்றாள் அன்புக்கரசி.

சாமி திரும்பினார். கழுத்தைத் திருப்பவில்லை, முழு உடம்பையும் திருப்பினார். "யாரம்மா நீ? கால் முந்திப் பிறப்பதன் மகிமை உனக்குத் தெரியுமா?"

"தெரியும் சாமி. நானும் காலு முந்திப் பொறந்தவதான்."

கூட்டம் வாயைப் பிளந்தது. மாமி கையெடுத்துக் கும்பிட்டேவிட்டார்.

"எங்க ஏரியாவுல யாருக்கு இடுப்பு புட்சிக்கினாலும் என்னைத்தான் இட்டுக்கினு போவாங்க. கொழந்தையா இருக்கச் சொல்லவே ஒதைச்சவ நானு. எங்க நைனா மூட்டை தூக்குறவரு. ஒருநாளு முதுவு புட்சிக்கினு வூட்ல வந்து படுத்தாரு. எல்லாருமா சேர்ந்து, ஒதைடி ஒதைடின்னாங்க. எனக்கு ஒம்போது வயசு. ஒதைச்சேன். நைனா கத்துனாரு. இன்னும் ஒண்ணு போடுன்னாங்க. போட்டேன்."

அன்புக்கரசி தன் குதிகாலைத் தரையில் அழுத்திக்கொண்டாள்.

"அப்பால அவரு எந்திரிக்கவே இல்ல சாமி. பதினோரு வருசம் படுத்துக்கினே கெடந்து செத்தாரு. நான்தான் பீ மூத்திரம் அள்னேன். ஆஸ்பத்திரில இன்னா சொன்னாங்க தெரியுமா? இட்டாந்திருந்தா சரியாயிருக்கும்னாங்க. இந்தக் காலால ஒருத்தருக்கும் ஒண்ணும் சரியாவல. எனக்கே இடுப்பு வலி கீது. என்னை நானே ஒதைச்சிக்கினா போவுமா?"

தனபாலன் முழங்காலிட்டபடியே அவளை அண்ணாந்து பார்த்தார்.

சாமி சுதாரித்துக்கொண்டார். "உன் பாதத்தில் சித்தி இல்லை பெண்ணே. என் பாதத்தில் இருக்கிறது. இப்போதுதான் எல்லாரும் கண்ணால் கண்டார்கள்."

"அப்ப ஒண்ணு பண்ணலாம் சாமி. நீங்க ஒதைச்ச வண்டி இது. இதுல இனிமே வலியே வராதுதானே?"

"வராது."

"சாருக்குப் பதிலா நீங்களே ஒரு கால் மணி நேரம் குந்துங்க. வலி வரலைன்னா, நானே சாரைப் பாயில படுக்கச் சொல்றேன். நீங்க ஒதைங்க."

வேறு யாராவது சொல்லியிருந்தால் கூட்டம் அவளை வெளியே தள்ளியிருக்கும். இவளும் கால் முந்தியவள் ஆயிற்றே! "அந்தம்மா சொல்றதும் சரிதான்" என்றார்கள். அவள் பேச்சில் இருந்த நியாயத்துக்காக அல்ல, அவள் குதிகாலுக்காக. போகட்டும். சில நாள் உண்மை இப்படிக் கொல்லைப்புற வழியாகத்தான் உள்ளே வர வேண்டியிருக்கிறது.

"சுவாமி உக்காந்தா வண்டிக்கே பெருமை!" என்று மாமி உருகினார். ஐம்பது செல்போன்கள் உயர்ந்தன. ராகேஷ் சாமியின் காதில் ஏதோ முணுமுணுத்தார். ஆனால் ஐம்பது செல்போனுக்கு முன்னால் எந்தச் சாமியார் மாட்டேன் என்பார்?

சாமி காரைச் சுற்றி வந்து, இந்த முறை ஏழு உதை உதைத்தார். ஏழாவது உதையில் அவர் முகம் ஒரு மாதிரி கோணியது.

"சாம்பிராணி அண்ணே, நீங்க அந்தத் தட்டை எட்துக்கினு வாசலாண்ட நில்லுங்க" என்றாள் அன்புக்கரசி. பிறகு காருக்குள் கை விட்டு, உறைக்குள் இருந்த தலையணையை எடுத்து வெளியே வைத்தாள். கடக், கடக். "சாரு மொதல்ல குந்தச் சொல்ல எப்டி இருந்துச்சோ, அப்டியே வச்சிட்டேன்."

அசோகன் பதறி, "சீட்டைத் தொடக் கூடாது!" என்றார்.

"ஏன்ணே? வலி போனது சாமியோட ஒதையாலதானே? சீட்டாலயா?"

அசோகன் தட்டோடு வாசலுக்கு நடந்தார். சாமி உள்ளே விழுந்தார். கதவு சாத்தப்பட்டது. மாமி தன் செல்போனில் பதினைந்து நிமிடத்துக்கு அலாரம் வைத்தார். பக்தர்கள் காரைச் சுற்றி நின்று பாடத் தொடங்கினார்கள்.

மூன்றாவது நிமிடம், சாமி புன்னகை செய்தார். ஐந்தாவது நிமிடம், புன்னகை மட்டும் இருந்தது, சாமியை அதற்குப் பின்னால் காணவில்லை. ஏழாவது நிமிடம், இடது பக்கம் சரிந்தார். எட்டில் வலது பக்கம் சரிந்தார். "சாமி யோகத்துல ஆடறார்" என்று ஒரு பக்தர் விளக்கம் சொன்னார். ஒன்பதாவது நிமிடம் சாமியின் நெற்றியிலிருந்து விபூதி கரைந்து மூக்கில் இறங்கியது.

பத்தாவது நிமிடம் காருக்குள்ளிருந்து ஒரு கூக்குரல் கேட்டது. சுவாமிகளின் செந்தமிழ் அதில் இல்லை.

"டேய் அசோகா! எங்கடா பூட்ட? லீவர தூக்குடா! இடுப்பு பூட்ச்சுடா சோமாறி! அந்தத் தலகாணிய எடுத்து வைடா!"

பாட்டு நின்றது.

அன்புக்கரசி கதவைத் திறந்தாள். சாமியால் எழ முடியவில்லை. அவளும் வாசலிலிருந்து ஓடி வந்த அசோகனும் ஆளுக்கு ஒரு கை கொடுத்து இழுத்தார்கள். இழுத்த இழுப்பில் காவி ஜிப்பா மேலே ஏற, சர்ர்ரென்று ஒட்டுப்பட்டை பிரியும் சத்தம். சாமியின் இடுப்பிலிருந்து கறுப்பாய், ஒரு சாண் அகலத்தில், டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் முதுகுவலி பெல்ட் ஒன்று அவிழ்ந்து பாயின் மேல் விழுந்தது. தவத்தின் நிமிர்வு அங்கே சுருண்டு கிடந்தது.

"எத்தினி வருசமா சாமி?" என்று கேட்டாள் அன்புக்கரசி. நிஜமாகவே பரிதாபமாகத்தான் கேட்டாள்.

"ஆறு வருசம்" என்று முனகினார் பொன்னுரங்கம். "மனுசன ஒதைச்சு, அப்பால டயரை ஒதைச்சு… மாசத்துக்கு ரெண்டு வாட்டி பிசியோக்குப் போய்க்கினு கீறேன்."

சுந்தரவல்லி பாய்ந்து வந்தாள். இதுவரை அழுதுகொண்டிருந்தவள். "உம்ம இடுப்புக்கு பெல்ட்டு, டாக்டரு. எங்க வீட்டு ஆளு இடுப்புக்கு மட்டும் ஒதையா? இவுக காலு போயிருந்தா நீரு வந்து கடையத் தொறப்பீரா?" என்று அந்தப் பெல்ட்டாலேயே ஒன்று போட்டாள். முதுகில் அல்ல. அந்த மட்டுக்கு அவள் இரக்கமுள்ளவள்.

ராகேஷ் எப்போது போனார் என்று யாருக்கும் தெரியாது. பன்னிரண்டு கார்கள் இருந்த இடத்தில் பதினொன்றுதான் இருந்தன. சிவப்புக் காரை மட்டும் அப்போதும் யாரும் எடுக்கவில்லை.

தனபாலன் மெல்ல எழுந்து, அன்புக்கரசியின் டாக்சி வரை நடந்தார். உயரமான, பழைய, வெள்ளை வண்டி. குனியாமல், விழாமல், நாற்காலியில் உட்காருவது போல உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"ஏ வல்லி, இந்த வண்டியில ஏறுதப்போ வலிக்கவே இல்லையே. காலைலயும் வலிக்கல."

"அவ்ளோதான் சார் விசயம்" என்றாள் அன்புக்கரசி, தன் இடுப்புத் துண்டை எடுத்து அவர் முதுகுக்குப் பின்னால் வைத்தபடி. "காரு வாங்கப் போனா பத்து வாட்டி ஏறி எறங்கிப் பாருங்க. முட்டி இடுப்புக்கு மேல போவக் கூடாது. அஞ்சு நிமிசம் குந்துனா எந்த சீட்டும் சொகமாத்தான் கீது. அரை மணி ஓட்டிப் பாருங்க. வலிக்குதா இல்லையான்னு உங்க முதுவுதான் சொல்லணும், இன்னொருத்தன் காலு சொல்லக் கூடாது. இப்ப எங்க சார் போணும்?"

தனபாலன் தலையைக் குனிந்துகொண்டார். "டாக்டர்ட்ட விடும்மா. நேத்து போகாம விட்டுட்டேன்லா."

கதை இத்தோடு முடிந்திருந்தால் நானும் சந்தோஷமாகப் பேனாவை மூடியிருப்பேன். அன்புக்கரசி வண்டியைக் கிளப்பப் போகும்போது கண்ணாடியை யாரோ தட்டினார்கள். ஸ்வர்ணலதா மாமி. அவருக்குப் பின்னால், இடுப்பில் கை வைத்தபடி, ஒழுங்காக வரிசை கட்டி, முப்பது பேர்.

"அவன் போலி. போகட்டும் விடுங்கோ. நீங்கதான் நெஜமாவே கால் முந்திப் பொறந்தவா. எங்காத்துக்காரருக்கு ஒரே ஒரு ஒதை குடுத்துட்டுப் போயிடுங்கோளேன். டோக்கன் கூட கையில இருக்கு."

அன்புக்கரசி மாமியைப் பார்த்தாள். வரிசையைப் பார்த்தாள். வரிசையின் கடைசியில் அசோகன் புதிதாக டோக்கன் கிழித்துக்கொண்டிருந்ததையும் பார்த்தாள்.

"ஒதைக்கணும்போலத்தான் மாமி கீது" என்றாள். "ஆனா அவரை இல்ல." கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போய்விட்டாள்.

வரிசை அப்படியே நின்றது. மாலையில் யாரோ வந்து, கிண்டிப் பக்கம் கார் ஸ்டியரிங்கில் கண்ணாடிக் குண்டு கட்டித் தொங்கவிட்டு இடுப்பு வலியைக் கணிக்கிற ஒருவர் இருப்பதாகச் சொன்ன பிறகே கலைந்தது. எல்லாரும் அங்கே போனார்கள்.

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. கால் முந்திப் பிறந்தவர்கள் இந்த ஊரில் எங்கோ ஒருவர், இருவர். மற்ற எல்லாரும் தலை முந்திப் பிறந்தவர்கள்தானே? பிறந்த அன்றைக்கு ஒரு தடவை முன்னால் நீட்டிய அந்தத் தலையை, அப்புறம் ஏனய்யா ஒரு தடவைகூட வெளியே எடுக்க மாட்டேன் என்கிறீர்கள்?